காலை ஐந்து மணித் தண்ணீர்

1

உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் என்ன வேகத்தில் வருகிறது என்று ஒருவர் கேட்டால், எந்த நேரத்துத் தண்ணீரைச் சொல்வீர்கள்?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் புது பாய்லர் மாட்டிப் போன வாரத்தோடு ஒரு வருடம் ஆயிற்று. வருடாந்திரச் சோதனைக்கு டெனிஸ் என்ற மெக்கானிக் வந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு எங்களுடையது கடைசி வீடு. மாலை ஆறு மணி ஆகிவிட்டது. சுவரிலிருந்த பாய்லரின் முன்மூடியைக் கழற்றினார். மூடியின் உள்பக்கத்தில், மாட்டியவர்கள் ஒட்டிய ஒரு நகல் தாள் இருந்தது. அதில் என் கையெழுத்தில் மூன்று எண்கள்: 14.3, 14.1, 14.4. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று பொருள்.

டெனிஸ் சமையலறைக் குழாயின் கீழே தன் வாளியை வைத்துத் திறந்தார். பத்து லிட்டர் வாளி நிறைய மூன்றரை நிமிடம் ஆயிற்று. நிமிடத்துக்கு மூன்று லிட்டர்கூடத் தேறவில்லை. தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இதை எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்று கேட்டார். காலை ஐந்து மணிக்கு என்றேன். ஏன் ஐந்து மணிக்கு என்றார்.

பக்கத்தில் நின்ற என் ஆறு வயது மகள் கவிதா, "அம்மாவுக்குத் தெரியாதாம்" என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் எதுவுமே பேசவில்லை. பேசாததையும் எனக்காக மொழிபெயர்க்க அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

2

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு இந்த பாய்லரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடத்தில், உச்சி மாடியில் குடியிருக்கிறோம். கட்டடத்தில் மொத்தம் ஆறு குடித்தனம். முன்பெல்லாம் கூரைக்குள் ஒரு தொட்டியும், எங்கள் அலமாரிக்குள் ஆளுயரத்தில் ஒரு செம்புத் தொட்டியும் இருந்தன. தண்ணீர் இரவெல்லாம் மெல்ல ஏறிச் சேரும். காலையில் சூடாக்கி வைத்தால் மாலைவரை சூடு நிற்கும்.

வீட்டுவசதி அலுவலகத்தார் அதையெல்லாம் கழற்றிவிட்டு, காம்பி பாய்லர் என்ற ஒன்றை மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். சுவரில் தொங்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். தொட்டி கிடையாது. தெருக் குழாயில் வரும் தண்ணீர் நேரே பெட்டிக்குள் போய், போகிற போக்கிலேயே சூடாகி வெளியே வரும். ஆனால் தண்ணீர் போர்சாக வர வேண்டும். மெலிந்து வந்தால் உள்ளே நெருப்பு பற்றாது. பற்றிய நெருப்பும் அணைந்துவிடும். உச்சி மாடிக்குத் தண்ணீர் ஏற வேண்டுமே, அதனால் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

அளக்க ஆள் வந்த அன்று தெருவில் பள்ளம் தோண்டித் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். அவர் அவசரக்காரர். ஒரு படிவத்தைக் கொடுத்து, நீங்களே மூன்று நாள் அளந்து எழுதி அனுப்புங்கள், நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். படிவத்தில் தேதி எழுதக் கட்டம் இருந்தது. மணி எழுதக் கட்டம் இல்லை.

மூன்று நாளும் ஐந்து மணிக்கு எழுந்தேன். யாரும் எழுப்பவில்லை. போடியில் பிறந்த வீட்டிலும், ராசிங்காபுரத்தில் புகுந்த வீட்டிலும், குழாய்த் தண்ணீர் என்றால் விடியுமுன் வருவது. அளக்கச் சொன்னால் தண்ணீர் வருகிற நேரத்தில்தானே அளப்பார்கள்? இருபத்துநான்கு மணி நேரமும் குழாயில் வருகிற ஊருக்கு வந்து ஏழு வருடம் ஆகியும் எனக்கு இது உறைக்கவில்லை. கடிகாரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வாளி நிறைய நாற்பத்திரண்டு விநாடி என்று குறித்தேன். அந்த நேரத்தில் கட்டடத்தில் என்னைத் தவிர யாரும் விழித்திருக்கவில்லை. ஆறு வீட்டுத் தண்ணீரும் என் வாளியில் விழுந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினான்கு என்று வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டைத் திருப்பித் தரும்போது வருகிற சந்தோஷம். மாலையிலும் ஒரு முறை அளந்து பார்க்கலாமே என்று மூன்றாம் நாள் ஒரு நினைப்பு வந்தது. அளக்கவில்லை. மறந்துவிட்டேனா, வேண்டாம் என்று விட்டேனா? ஒரு வருடமாக யோசிக்கிறேன்.

3

போடியில் எங்கள் தெரு மேற்கே போகப் போக மேடாகும். தண்ணீர் கிழக்கேயிருந்து வரும். எங்கள் வீடு நடுவில். எங்களுக்கு மேலே, தெருவின் கடைசியில், பேச்சியம்மாள் அத்தை வீடு. உறவு கிடையாது, முறை வைத்து அத்தை. அவருடைய வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டினார்.

கோடையில் குழாய் நூலாக ஒழுகும். உயரத்தில் இருக்கிற குழாயில் வராத தண்ணீர் பள்ளத்தில் இருக்கிற குழாயில் வரும் என்று தெருவில் ஒருவர் கண்டுபிடித்தார். அவ்வளவுதான், வீட்டுக்கு வீடு வாசலில் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். குழாயை அறுத்து, குழிக்குள் இறக்கி, அதன் வாயில் குடத்தை வைத்துப் பிடிப்பது. முதலில் முழங்கால் ஆழம். பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பளவு தோண்டினால் நாம் மார்பளவு. என் அப்பா ஏலக்காய் வியாபாரி. ஆள் அம்பு உள்ளவர். எங்கள் வீட்டுக் குழி தெருவிலேயே ஆழம். ஏழு படி கட்டி, சிமெண்டு பூசியிருந்தார். எட்டாம் வகுப்பு படித்த நான்தான் இறங்குவேன். கீழே பூரான் ஓடும், தவளை குதிக்கும். நிறைந்த குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுத்தால் அம்மா மேலேயிருந்து வாங்குவாள். "வெரசாப் பிடி, நிக்கப் போகுது" என்பது தவிர அந்த நேரத்தில் வேறு பேச்சு இருக்காது.

பேச்சியம்மாள் அத்தை காலிக் குடத்தோடு எங்கள் குழியின் விளிம்பில் வந்து நின்று எட்டிப் பார்ப்பார்.

"ஏ ஆத்தா, ஒங்கப்பா எத்தன அடி போயிருக்காரு? அங்கிட்டு நாகலோகம் தெரியுதா?"

நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். அவர் வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும், உஸ்ஸென்று. அவர்களும் தோண்டிப் பார்த்தார்கள், மூன்றடியில் பாறை.

இதே அப்பாவுக்கு மலைச் சரிவில் ஏலத்தோட்டம் இருந்தது. ஓடையிலிருந்து ஓஸ் போட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் கொண்டு வருவார்கள். ஓடை முதலில் மேல்தோட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் எங்களுக்கு வரும். ஒரு சித்திரையில் மேல்தோட்டத்துக்காரர் எங்கள் ஓஸின் வாயில் கந்தைத் துணியை அடைத்துவிட்டார். நாற்று பாதி கருகிப்போனது. அப்பா கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வீட்டுக்கு வரும்வரை கத்திக்கொண்டே வந்தாராம். பிறகு ஆட்களைக் கூட்டிப் பேசி, மேலே ஒரு நாள் கீழே ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். தண்ணீரில் நியாயம் வேண்டும் என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

அந்த மாதமே வாசல் குழியில் இன்னும் இரண்டு படி இறக்கினார். அம்மா தயங்கிக் கேட்டதற்கு, "தண்ணி பள்ளத்துக்குத்தான் பாயும். அது என் குத்தமா?" என்றார்.

4

புது பாய்லர் மாட்டிய முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. மாலை ஐந்தரை ஆனால் கீழ் வீடுகளில் சமையல், துணி துவைக்கும் இயந்திரம், குளியல். எங்கள் பெட்டியில் நெருப்பு பற்றும், அணையும், மறுபடி பற்றும். கொதிக்கக் கொதிக்க ஒரு பாய்ச்சல், பனிக்கட்டிபோல் ஒரு பாய்ச்சல்.

அப்போது என் மகன் அப்பு ஏழு மாதக் குழந்தை. பிறந்ததிலிருந்தே இளைப்பு. தை மாதக் குளிரில் ஒரு மாலை, தலையில் சோப்பு நுரையோடு அவனை மடியில் வைத்திருந்தேன். நெருப்பு அணைந்துவிட்டது. சுடுதண்ணீருக்காகக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எழுந்து துண்டைச் சுற்றியிருக்க வேண்டும். நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒன்பது நாள் இருந்தான்.

பச்சைத் தண்ணீரால் இது வராது, கிருமியால் வருவது என்று டாக்டர் சொன்னார். இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் பொறுமையாகச் சொன்னார். படித்தவள்தானே நான், புரிகிறது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

வீட்டுவசதி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று முறை திருத்தி எழுதினேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. இந்த வீட்டின் தண்ணீர் வரத்து போதுமானதைவிட அதிகம் என்று எங்கள் பதிவில் உள்ளது, நகல் இணைத்திருக்கிறோம் என்று இரண்டே வரி. உறைக்குள் என் படிவத்தின் நகல். என் கையெழுத்து, என் மூன்று எண்கள், கீழே நான் போட்ட கையொப்பம். தப்பான நேரத்தில் அளந்துவிட்டேன் என்று மறுபடி எழுதினேன். மறு அளவுக்கு விண்ணப்பம் வேறு. அதற்கு வரிசை உண்டு. உங்கள் முறை வரும்போது தெரிவிப்போம் என்றார்கள். இன்னும் தெரிவிக்கவில்லை.

என் கணவர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். அன்றைக்கு அந்த நகலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

5

அதன் பிறகு எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். வாளி, அண்டா, குக்கர், குழந்தையின் பிளாஸ்டிக் தொட்டி. தேவைக்கு அடுப்பில் காய்ச்சிக் குளியலறைக்குத் தூக்கிப் போவேன். இங்கே வந்தும் குடம் சுமக்கிறேன் என்று அம்மாவுக்கு நான் எழுதவில்லை. பொத்தானை அழுத்தினால் சுடுதண்ணீர் என்று முன்பே எழுதியிருந்தேன், படமும் அனுப்பியிருந்தேன்.

கவிதாவின் வகுப்பில் 'என் வீடு' என்று ஒரு படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் கதவு, புகைபோக்கி, பூனை எல்லாம் வரைந்திருந்தார்கள். இவள் ஒன்பது வாளி வரைந்தாள். நடுவில் குச்சி போல நான். ஒவ்வொரு வாளியிலும் நீலம் விளிம்புவரை தீட்டியிருந்தாள்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு மிக மெதுவாக, வீட்டில் தண்ணீரைத் துண்டித்துவிட்டார்களா, கட்டணம் கட்டச் சிரமமா என்று கேட்டார். இல்லை, தண்ணீர் நிறைய இருக்கிறது, காலையில் என்றேன். அடுத்த வாரம் குழந்தைகள் நலம் பார்க்கும் தாதி வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல பெண். தரையில் வரிசையாக நின்ற வாளிகளைப் பார்த்தார். தவழ்ந்துகொண்டிருந்த அப்புவைப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீர் போதும் குழந்தை மூழ்க, கொதிக்கிற பாத்திரத்தோடு நடக்கவே கூடாது என்றார். ஒன்றுவிடாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அவர் எதிரிலேயே ஒவ்வொரு வாளியாகக் கவிழ்த்தேன். பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கடைசி வாளியைப் பாதி கவிழ்த்து நிமிர்த்திவிட்டு, மறுபடி கவிழ்த்தேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை கவிதாவைக் கேட்டேன், ஏன் வாளியை வரைந்தாய் என்று.

"நம்ம வீட்டுல வேற என்னம்மா இருக்கு?" என்றாள். பிறகு ஆங்கிலத்தில், இனிமேல் பூனை வரைகிறேன் என்றாள். எங்களிடம் பூனை இல்லை.

6

டெனிஸ் போன வாரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எனக்குப் புரியும்படி சொன்னார். தெருவிலிருந்து வரும் குழாய் பழையது, ஒல்லியானது; ஆறு வீட்டுக்கும் அது ஒன்றுதான். எல்லாரும் சேர்ந்து பெரிய குழாய் கேட்கலாம், அதற்குச் சில வருடம் ஆகும். பழையபடி தொட்டி வைக்க அலுவலகம் ஒத்துக்கொள்ளாது. பம்பு ஒன்று மாட்டலாம். சிலர் திருட்டுத்தனமாக மாட்டுகிறார்கள். நான் மாட்ட மாட்டேன் என்றார். ஏன் என்றேன். பம்பு தண்ணீரை உண்டாக்காது, கீழே இருப்பவர்களிடமிருந்து இழுக்கும் என்றார்.

கேட்டதும் போடி வீட்டுக் குழியின் ஈரச் சிமெண்டு வாசனை என் மூக்கில் ஏறியது.

நேர்க்கீழே இருப்பவர் மிஸஸ் ஹோல்ட். தனியாக இருக்கிறார். இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கும். தினமும் ஆறு மணிக்கு வெந்நீரில் உட்கார்ந்தால்தான் இரவில் படுக்க முடியும் என்று படிக்கட்டில் ஒரு முறை சொன்னார். அவர் வீட்டிலும் தண்ணீர் மெலிவுதான். குளியல் தொட்டி நிறைய ஒரு மணி நேரம் ஆகிறதாம், அதற்குள் செய்தித்தாள் படித்து முடித்துவிடுவேன் என்று சிரித்தார்.

டெனிஸ் சொன்னதை என் கணவரிடம் சொன்னபோது அவர் ஏற்கெனவே பம்பு வாங்கிவிட்டிருந்தார். நண்பர் ஒருவர் மூலம் ஆள் ஏற்பாடு, சனிக்கிழமை வந்து மாட்டிவிடுவார். செம்புத் தொட்டி இருந்த அலமாரிக்குள் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு பெரிய தேங்காய் அளவுதான் பம்பு. ஊரில் ஒன்பது படி இறங்க வேண்டியிருந்தது. இங்கே பள்ளத்தைப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள்.

"என்னங்க, கீழ அந்தம்மாவுக்குச் சுத்தமா வராமப் போயிருமே" என்றேன்.

"அவுக சோலிய அவுக பாப்பாக. நம்ம பிள்ளைக்குச் சுடுதண்ணி வேணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியவர். பிறகு அவரே சொன்னார்: "ஐஞ்சு மணிக்கு அளந்தது நீதான."

ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார். சரி.

7

பேச்சியம்மாள் அத்தையின் மருமகளுக்கு ஒரு வைகாசியில் பிரசவம், வீட்டிலேயே. அன்று அவர்கள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. அத்தை எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா நடையில் நின்றுகொண்டு, தெருவே கேட்க, "நாலு குடம் குடுத்து விடு, அஞ்சு குடம் குடுத்து விடு" என்றார். குழிக்குள் இருந்த நான் பிடித்துக் கொடுத்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அத்தை கடைசிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனதும், நாம் எவ்வளவு கொடுத்திருக்கிறோம் பார்த்தாயா என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா குரலை இறக்கிச் சொன்னாள்:

"மெச்சிக்கிறாத. அது அவுக தண்ணி."

இவ்வளவு நாளும் அது எனக்கு அம்மாவின் பேச்சாக மட்டுமே இருந்தது. இப்போது அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கேட்கிறது.

சனிக்கிழமை வரவேண்டிய ஆளுக்கு நானே போன் செய்து, ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். கணவரிடம் அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவரிடம் சொன்ன முதல் பெரிய பொய். அது சரியா என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தப் போவதில்லை.

எனக்குத் தெரிந்த வேறு வழி ஒன்றுதான்: மலையில் வைத்தார்களே, அந்த முறை. ஐந்து வீட்டுக் கதவையும் தட்டி, மாலையில் கால் மணி நேரம் மட்டும், ஆறே முக்காலிலிருந்து ஏழு வரை, குழாயைத் திறக்காமல் இருப்பீர்களா, என் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும் என்று கேட்பது. மிஸஸ் ஹோல்ட்டின் ஆறு மணியைத் தொடாமல் ஒரு தாளில் நேரம் போட்டுக்கூட வைத்திருக்கிறேன். இரண்டு முறை கீழே இறங்கிப் போனேன். முதல் கதவின் எதிரே நின்றுவிட்டு, குப்பை போட வந்ததுபோல் திரும்பி ஏறிவிட்டேன். இந்த ஊரில் யாரும் யார் வீட்டுத் தண்ணீரைப் பற்றியும் பேசுவதில்லை. கேட்டால் என்ன நினைப்பார்கள்? தாதியின் குறிப்பேட்டுக்கு இன்னொரு வரி சேருமா? அல்லது எல்லாரும் சரி என்றுவிட்டு, ஒருவரும் செய்யாமல் போனால், அதன் பிறகு படிக்கட்டில் எப்படி முகம் பார்ப்பது?

குடத்தோடு வந்து நின்ற அன்று அத்தை வந்ததும் குடத்தை நீட்டவில்லை என்பது நினைவிருக்கிறது. அப்பாவிடம் ஏதோ சொன்னார். நான் குழிக்குள் இருந்தேன், என்ன என்று காதில் விழவில்லை. அந்தப் பேச்சுதான் இப்போது எனக்கு வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில், தெருவின் மேட்டில் இருந்தவர்கள், கடைசி வீட்டுக்காரர்கள், காலிக் குடத்தோடு அடுத்தவர் வாசலில் நின்றவர்கள் யாராவது இருப்பீர்கள். பம்பை மாட்டுவதா வேண்டாமா என்று நீங்கள் சொல்லும் யோசனையையும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை எழுதுங்கள். ஆறு வாரத்துக்குள் கிடைத்தால் நல்லது. கதவு திறந்ததும் நீங்கள் முதலில் என்ன சொன்னீர்கள்?